ஆஜராக மாட்டோம் என்னும் தீர்மானம்

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,



ஊரை உலுக்கும் ஒரு குற்றம் நடக்கிறது. இரண்டு நாளில் சங்க அறையில் அவசரக் கூட்டம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நம் உறுப்பினர்கள் எவரும் ஆஜராக மாட்டார்கள் என்று ஒருமனதாகத் தீர்மானம். தலைவர் வாசலில் நின்று தொலைக்காட்சிகளுக்குப் பேட்டி கொடுக்கிறார். ஊர் கைதட்டுகிறது. நம்மைப் பார்த்து ஊர் கைதட்டும் நாட்கள் குறைவு என்பதால் அந்தச் சத்தம் நமக்கு இனிக்கவும் செய்கிறது.

இந்தத் தீர்மானத்தை இனி எந்தச் சங்கமும் போடக் கூடாது என்று கேட்கவே இந்த மடல். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. யாருக்கு வக்காலத்து போடுவது என்பதில் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் நாம், போட்ட பிறகு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம்? வழக்கை ஏற்கும் நேரத்தைவிட அதை நடத்தும் நேரத்தில்தான் மனசாட்சிக்கு வேலை அதிகம். நாம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பது என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கோவையில் ஒரு வழக்கறிஞருக்கும் காவலர்களுக்கும் ஏற்பட்ட மோதலை அடுத்து, வழக்கில் சேர்க்கப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே சங்கத் தீர்மானம் வந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான சுதா மிஸ்ரா அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் எந்த வழக்கறிஞர் சங்கம் இப்படித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது என்றது. அதோடு நிற்காமல், அப்படியொரு தீர்மானத்தை மதிக்காமல் மீறும்படி வழக்கறிஞர்களையே கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு என்பதால் நாம் முதலில் படித்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

அரசியலமைப்பின் 22(1) பிரிவு, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அவர் மூலம் தம்மைத் தற்காத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 11ஆவது, தன் தகுதிக்கேற்ற கட்டணம் கிடைக்குமானால் வழக்கை ஏற்பது வழக்கறிஞரின் கடமை என்கிறது. சிறப்புச் சூழ்நிலைகளில் ஒருவர் மறுக்கவும் அதே விதி இடம் வைக்கிறது. 15ஆவது விதி இன்னும் வெளிப்படை. குற்றம் சாட்டப்பட்டவர் செய்திருப்பாரா என்பது பற்றி நம் சொந்த அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும். போதிய சாட்சியம் இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்னும் சட்டத்துக்கே நம் விசுவாசம். சன்னத்து வாங்கும் நாளில் நாம் ஒப்புக்கொண்ட விதிகள் இவை.

ஆனால் தெரியாமலா தீர்மானம் போடுகிறோம்? தெரிந்தேதான். கோவை வழக்கின் தீர்ப்பு வந்து எட்டாண்டுகள் ஆகாத 2018 ஜூலையில், சென்னை அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை வெளியே வந்தது. 17 பேர் கைதானார்கள். அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கத்தின் அறிவிப்பு வந்தது. நீதிமன்றத்துக்கு அழைத்து வரப்பட்ட அவர்களை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அடித்தார்கள். அன்று அதைக் கேட்டு மனம் குளிர்ந்தவர்கள் நம்மில் பலர். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 15 பேர் குற்றவாளிகள். ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார். ஒருவர் விடுதலை.

அந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். 2018 ஜூலையில் அவரும் 17 பேரில் ஒருவர். கும்பலுக்கு அவரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவரைப் பிரித்துக் காட்டியது விசாரணை. மற்ற 15 பேருக்குத் தண்டனை வாங்கித் தந்ததும் அதே விசாரணைதான். எதிர்த்தரப்பு கேட்க வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகும் ஒரு குழந்தையின் சொல் அசையாமல் நின்றால் அந்தத் தீர்ப்புக்கு ஒரு பலம் உண்டு. எல்லாரும் மறுத்திருந்தால் தண்டனை வந்திருக்கலாம். ஆனால் மேல்முறையீட்டில் முதல் வாதமே ‘எங்கள் கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் இல்லை’ என்பதாக இருந்திருக்கும். சிறுமிக்காகப் போட்ட தீர்மானம் சிறுமியின் வழக்கையே பலவீனமாக்கியிருக்கும்.

இது வெறும் ஊகமல்ல. 1997 டிசம்பரில் டெல்லியில் ஒரு பேருந்தில் குண்டு வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். முகமது உசேன் என்கிற ஜுல்பிகர் அலி என்ற பாகிஸ்தானியர் மீது வழக்கு. விசாரணையின் பெரும்பகுதியில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சாட்சிகள் வந்தார்கள், சொன்னார்கள், போனார்கள். குறுக்கு விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணை நடத்த உத்தரவிட்டது. முறையான வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையின் முடிவில் 2013இல் அவர் விடுதலையானார். ஒரே குற்றச்சாட்டு, ஒரே ஆள். கேள்வி கேட்க ஒருவர் இல்லாத விசாரணை தூக்குக் கயிற்றில் முடிந்தது. இருந்த விசாரணை விடுதலையில் முடிந்தது.

நம் சிலப்பதிகாரத்திலும் இதே குறைதான். பொற்கொல்லன் சொன்னான், காவலர் வெட்டினர். அந்தச் சாட்சியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சிலம்புக்குள் பரல் முத்தா, மாணிக்கமா? அதைக் கேட்க மதுரையில் ஓர் ஆள் இருந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கண்ணகி வந்து அந்தக் குறுக்கு விசாரணையை நடத்தியபோது தண்டனை நிறைவேறிவிட்டிருந்தது. ஊரே நம்பும் சாட்சியைக் கேள்வி கேட்பதுதான் நம் வேலை.

‘அப்படியானால் எனக்கென்று மனசாட்சி கிடையாதா? குழந்தையைச் சிதைத்தவனுக்காக நான் நின்றே ஆக வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. தனி ஒருவராக நீங்கள் மறுக்கலாம். கட்சிக்காரர் முகத்தைப் பார்க்கவே முடியாத வழக்கறிஞரால் அவருக்கு நன்மையும் இல்லை. நான்கு பேர் மறுத்தாலும் ஐந்தாமவர் கிடைப்பார் என்ற நிலை இருக்கும்வரை மறுப்பதில் பிழையில்லை. ஆனால் மறுப்பவர் எண்ணிக்கை கூடக் கூட மிச்சமிருப்பவரின் கடமை கனக்கிறது. பத்து வழக்கறிஞர்கள் மட்டும் உள்ள தாலுகா நீதிமன்றத்தில் ஒன்பது பேர் விலகிவிட்டால், பத்தாமவரின் மறுப்பு ஒரு மனிதனைத் தனியே தள்ளிவிடுவதாகும். சங்கத் தீர்மானம் செய்வது அதைத்தான். அது எவருடைய மனசாட்சியும் அல்ல. எல்லாருடைய மனசாட்சியையும் கட்டிவைக்கும் உத்தரவு. ஏற்கத் துணிந்த ஓர் இளம் ஜூனியரையும் அது மிரட்டுகிறது. நீதிபதி இன்னும் வழக்கைக் கேட்கவே தொடங்காதபோது சங்க அறையில் தீர்ப்பு எழுதுகிறது.

யாரும் ஆஜராகாத நிலைக்கு அரசும் ஒரு வழி வைத்திருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு அரசியலமைப்பில் 1976இல் சேர்ந்தது; சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இல் வந்தது; 2022 முதல் பல மாவட்டங்களில் முழுநேர இலவச எதிர்வாத வழக்கறிஞர்கள் பணிபுரிகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவரும் நம் சங்க உறுப்பினர்தான். மாலையில் அதே கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியவர்தான்.

இதுவரை சொன்னதை ஏற்பவர்கள்கூட அடுத்த படியில் வழுக்குகிறார்கள். எல்லாருக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டவுடன், ‘வந்த கேஸை நடத்துகிறேன், பாவ புண்ணியம் நீதிமன்றத்தின் பொறுப்பு’ என்று கை கழுவுகிறார்கள். மருத்துவரை உவமையாகக் காட்டுகிறார்கள்: கொலைகாரன் வந்தாலும் டாக்டர் தையல் போடுவதில்லையா? உவமை பாதி வழிதான் வருகிறது. நோயாளி பிழைப்பதால் பக்கத்துப் படுக்கைக்காரர் சாவதில்லை. நாம் ஜெயித்தால் எதிரே ஒருவர் தோற்கிறார்; சில நேரம் நியாயம் உள்ளவரே தோற்கிறார். மருத்துவர் கேட்க வேண்டாத கேள்விகளை நாம் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

தத்துவ ஆசிரியர்கள் இதை நெடுநாளாக விவாதிக்கிறார்கள். ஹார்வர்டின் சார்லஸ் ஃப்ரைட் 1976இல், வழக்கறிஞர் ஒரு நண்பர் போன்றவர் என்று வாதிட்டார். நண்பனுக்காக ஒருதலையாக நிற்பது குற்றமில்லை. தனித்து நிற்கும் மனிதனுக்குச் சட்டத்தின் முன் அப்படி ஒரு நண்பன் தேவை. அழகான வாதம்தான், ஆனால் காசு கொடுத்தால் மட்டும் வரும் நண்பன் எந்த வகை என்று உடனே கேட்டார்கள். ஆர்தர் அப்பில்பாம் இன்னும் கூராகக் கேட்டார். பாரிஸில் சார்ல்-ஆன்றி சான்சோன் என்ற தலைவெட்டி இருந்தார். மன்னராட்சிக்கும் அவர்தான் வெட்டினார். புரட்சி வந்தபின் 1793இல் அதே மன்னர் பதினாறாம் லூயியின் தலையையும் அவர்தான் வெட்டினார். என் தொழில் இது, சொன்னதைச் செய்தேன் என்பது போதுமான பதிலா? தனி மனிதனாகச் செய்தால் தவறான ஒன்று, தொழிலாகச் செய்தால் சரியாகிவிடுமா?

என் பதில்: சில செயல்கள் ஆகும், எல்லாச் செயல்களும் ஆகா. குற்றவாளிக்காக நிற்பது தொழிலால் சரியாகிறது, ஏனென்றால் அந்த நிற்றல் இல்லாமல் விசாரணை என்ற ஏற்பாடே இயங்காது. ஒரு நிரபராதி மேல் பழி தள்ளுவது அப்படிச் சரியாகாது, ஏனென்றால் விசாரணைக்கு அது தேவையே இல்லை. கட்சிக்காரர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் வெறும் ஊதுகுழலாக வழக்கறிஞர் தம்மைக் கருதக் கூடாது என்று நம் 4ஆவது விதியே சொல்கிறது. முறையற்ற வழியில் போகும் கட்சிக்காரரைத் தடுக்க வேண்டும், கேட்காவிட்டால் வழக்கை விட்டு விலக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைக் காட்ட லண்டனில் நடந்த ஒரு வழக்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1840 மே மாதம் வில்லியம் ரஸல் பிரபு தன் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். குர்வாசியே என்ற வேலையாள் கைதானான். அவனுக்காக நின்றவர் சார்லஸ் பிலிப்ஸ், அக்காலத்தின் பெயர்பெற்ற பேச்சாளர். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் ஜூரியிடம் நேரே பேசும் உரிமையே 1836இல்தான் அங்கே வந்திருந்தது. ஜூன் மாதம் விசாரணை தொடங்கியது. முதல் நாள் பிலிப்ஸ் வீட்டுப் பணிப்பெண் ஸாரா மான்சரைக் குறுக்கு விசாரணை செய்தார். சந்தேகம் அவள் பக்கம் சாயும் விதமாகக் கேள்விகள் போயின. அப்போது எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தார். ஓட்டல் நடத்திய ஒரு பெண், குர்வாசியே தன்னிடம் கொடுத்துவைத்த பொட்டலத்தில் பிரபு வீட்டு வெள்ளிச் சாமான்கள் இருந்ததாகச் சொல்ல வந்தார். செய்தி தெரிந்ததும் குர்வாசியே பிலிப்ஸை அழைத்தான்: கொன்றது நான்தான், ஆனாலும் நீங்கள் தொடர்ந்து வாதாட வேண்டும்.

பிலிப்ஸ் ஆடிப்போனார். விலகிவிடலாமா என்று நினைத்தார். தலைமை நீதிபதி டிண்டலோடு அமர்ந்திருந்த நீதிபதி பார்க்கிடம் போய் யோசனை கேட்டார். கட்சிக்காரன் விரும்பினால் தொடர வேண்டும், ஆனால் சாட்சியங்களிலிருந்து நியாயமாக எழும் வாதங்களை மட்டும் வைக்க வேண்டும் என்பது கிடைத்த வழிகாட்டல். பிலிப்ஸ் தொடர்ந்தார். தன் முடிவுரையில் ஓட்டல்காரப் பெண்ணின் நற்பெயரைக் கிளறினார், பரிசுப் பணத்துக்காகப் போலீஸார் தடயங்களை வைத்திருக்கலாம் என்றார். ஜூரி ஏற்கவில்லை. ஜூலை 6 அன்று நியூகேட் சிறை வாசலில், டிக்கன்ஸும் தாக்கரேயும் நின்றிருந்த கூட்டத்தின் முன் குர்வாசியே தூக்கிலிடப்பட்டான். அவன் ஒப்புக்கொண்ட செய்தி வெளியே கசிந்ததும் பிலிப்ஸை நோக்கி எழுந்த கண்டனம் அடங்கவே இல்லை. டிக்கன்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பணிப்பெண் மேல் பழி போட்டதாகவும், கட்சிக்காரன் நிரபராதி என்று ஆண்டவன் பெயரால் சொன்னதாகவும் குற்றச்சாட்டுகள் வந்தன. பிலிப்ஸ் மறுத்தார், 1849இலும் பத்திரிகைகளில் அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பிலிப்ஸ் தொடர்ந்தது சரி என்றே நான் நினைக்கிறேன். விலகியிருந்தால் அந்த விலகலே ஒரு சாட்சியாகியிருக்கும். அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டதா என்று ஜூரியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் ‘நீங்கள் நிரூபிக்கவில்லை’ என்பதற்கும் ‘வேறொருவர் செய்திருப்பார்’ என்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. முதலாவதில் ஒரு பொய்யும் இல்லை. கட்சிக்காரர் குற்றவாளி என்று தெரிந்தும் சொல்லலாம். இரண்டாவதைத் தெரிந்துகொண்டே சொன்னால், கூண்டில் நிற்கும் ஓர் ஏழைப் பெண்ணின் பெயரைக் கட்சிக்காரனின் உயிருக்கு விலையாகக் கொடுக்கிறோம். அவளுக்கு அங்கே வழக்கறிஞர் கிடையாது. அரசு வழக்கறிஞர் அரசுக்கு, நாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாட்சிக்கு யார்?

அந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் பழைய பதில் ஒன்றை வைத்திருக்கிறது, நாம் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 149ஆவது பிரிவு, சாட்சியின் நடத்தையைத் தாக்கும் கேள்வியைத் தகுந்த ஆதாரம் இல்லாமல் கேட்கக் கூடாது என்றது. எடுத்துக்காட்டும் தந்தது: யாரென்று நமக்கு எதுவுமே தெரியாத ஒரு சாட்சியைப் பார்த்து, குருட்டாம்போக்கில் ‘நீ கொள்ளைக்காரன்தானே?’ என்று கேட்பது ஆதாரமில்லாத கேள்வி. அப்படிக் கேட்கும் வழக்கறிஞரைப் பற்றி நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்கே அறிக்கை அனுப்பலாம் என்றது 150ஆவது பிரிவு. ஆபாசமான, அவமானப்படுத்தும் கேள்விகளை 151, 152 பிரிவுகள் தடுத்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இவை வரிசை எண் மாறி அப்படியே இருக்கின்றன. 150 ஆண்டுகளாக இருக்கும் இந்தப் பிரிவுகளின்படி அறிக்கை அனுப்பப்பட்டதாக நம் வராந்தாக்களில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பாலியல் வழக்குகளில் பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறும் உரிமையைத் தந்த 155(4) பிரிவை நாடாளுமன்றம் நீக்கிக் காலமாகிவிட்டது. போக்சோ சட்டம் 2012இல் வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 33ஆவது பிரிவின்படி குழந்தைச் சாட்சியிடம் வழக்கறிஞர் நேராகக் கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர் குழந்தையிடம் கேட்பார். மிரட்டும் தொனியும் குழந்தையின் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதும் கூடாது. இந்தப் பிரிவைப் படிக்கும்போது வழக்கறிஞராக எனக்குக் கூச்சம் வருகிறது. ஒரு குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்பதில் நம்மை நம்ப முடியாது என்று முடிவு செய்து, நம் வாய்க்கும் குழந்தையின் காதுக்கும் நடுவே நீதிபதியை உட்கார வைத்திருக்கிறது நாடாளுமன்றம். குற்றவாளிக்காக ஆஜரானவர்களால் இந்த அவநம்பிக்கை வரவில்லை. ஆஜரான விதத்தால் வந்தது.

எல்லாக் கோடுகளும் இவ்வளவு தெளிவாக விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் மூன்று கேள்விகளை எழுப்பினார். உண்மை சொல்கிறார் என்று நமக்கே தெரிந்த சாட்சியைப் பொய்யர் போலக் காட்டலாமா? பொய் சொல்லப் போகிறார் என்று தெரிந்த கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றலாமா? பொய் சொல்லத் தூண்டும் என்று தெரிந்தும் சட்ட நிலையை அவருக்கு விளக்கலாமா? மூன்றுக்கும் அவர் ஆம் என்றார். பின்னாளில் தலைமை நீதிபதியான வாரன் பர்கர் உட்பட மூன்று நீதிபதிகள் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை கேட்டார்கள். மூன்றாவது கேள்வி நம் சேம்பர்களில் தினமும் நடக்கிறது. ‘அண்ணாச்சி, இந்த செக்‌ஷன்ல தண்டனை வரணும்னா கொல்லணும்னு நினைச்சிருக்கணும். கோவத்துல நடந்திருந்தா வேற செக்‌ஷன். இப்போ சொல்லுங்க, என்ன நடந்துச்சு?’ சட்டம் சொல்லிக்கொடுத்தோமா, சாட்சி சொல்லிக்கொடுத்தோமா? இதற்கு எந்த விதிப் புத்தகத்திலும் விடை இல்லை. நடந்ததை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சட்டம் சொல்கிற பழக்கம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த காப்பு.

எல்லாவற்றிலும் கடினமானது மௌனம். 1982இல் சிகாகோவில் ஓர் உணவகத்துக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஆல்டன் லோகன் என்பவர் கைதானார். இரண்டு போலீஸாரைக் கொன்ற வேறொரு வழக்கில் கைதான ஆண்ட்ரூ வில்சன், தன் வழக்கறிஞர்கள் டேல் கோவென்ட்ரி, ஜேமி குன்ஸ் இருவரிடமும் அந்தக் காவலரைச் சுட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். வெளியே சொன்னால் கட்சிக்காரருக்குத் தூக்கு. சொல்லாவிட்டால் ஒரு நிரபராதிக்குச் சிறை. அவர்கள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையிட்டு, இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். தன் மரணத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்று வில்சனிடம் சம்மதம் வாங்கினார்கள். லோகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2007 நவம்பரில் வில்சன் சிறையில் இறந்தார், பெட்டி திறந்தது, 2008இல் லோகன் வெளியே வந்தார். அதற்குள் 26 ஆண்டுகள் போய்விட்டன.

நம் சட்டத்திலும் இதே நிலைதான். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு விலக்கு உண்டு. நடந்து முடிந்த குற்றத்துக்காக வேறொருவர் சிறையில் இருப்பதற்கு விலக்கு இல்லை. அந்த இருவர் செய்தது சரியா? ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வில்சன் வாய் திறந்தே இருக்க மாட்டார், லோகன் சிறையிலேயே செத்திருப்பார் என்பது ஒரு பக்கம். 26 ஆண்டுகள் ஒரு மனிதனின் வாழ்க்கை என்பது மறுபக்கம். இரண்டையும் எடைபோட்டு நிறைவான விடை சொல்ல என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: கடமைக்கு உட்பட்டும் அவர்கள் தேடினார்கள். எழுதி வைத்தார்கள், சம்மதம் கேட்டார்கள். ‘என் தொழில் இது’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகவில்லை.

கட்சிக்காரரிடமே பேசிப் பார்ப்பது நாம் மறந்துவிட்ட கருவி. காந்தி தன் சுயசரிதையில் டர்பன் வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் கதையைச் சொல்கிறார். சுங்கம் கட்டாமல் சரக்குக் கடத்தி மாட்டிக்கொண்ட ருஸ்தம்ஜி, கட்சிக்காரராகவும் நண்பராகவும் அவரிடம் ஓடி வந்தார். காந்தி அவரைக் கைவிடவும் இல்லை, பொய் வாதம் தேடவும் இல்லை. அதிகாரிகளிடம் முழுவதையும் ஒப்புக்கொள்ளச் சொன்னார், தாமே போய்ப் பேசினார். கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகையின் இரு மடங்கு அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. ருஸ்தம்ஜி அந்தக் கதையை எழுதிச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டி வைத்தார். எல்லாக் கட்சிக்காரரும் ருஸ்தம்ஜி அல்ல. ஆனால் ‘ஒத்துக்கிட்டா என்ன?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் வழக்கறிஞர்கள் எத்தனை பேர்?

சிவில் பக்கம் இருப்பவர்கள் இதெல்லாம் கிரிமினல்காரர்களின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். சொத்து வழக்கில் நம் ஆயுதம் வாய்தா. சொத்து கட்சிக்காரரின் அனுபவத்தில் இருந்தால் போதும். வழக்கு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு லாபம். ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்ற திருத்தம் உட்பட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த மாற்றங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005இல் வந்த தீர்ப்பு திருத்தங்களை ஏற்றது. கைமீறிய காரணங்களுக்கு மட்டும் சிறிது இளக்கம் தந்தது. அந்த இளக்கத்தின் வழியாகத்தான் இன்றைய வாய்தாக்கள் எல்லாம் நுழைகின்றன. எண்பது வயதுத் தாய் பாகப்பிரிவினை வழக்குக்காக ஏறி இறங்கிச் சாகும்வரை இழுத்தடித்தவரைக் கண்டித்து எந்தச் சங்கமாவது தீர்மானம் போட்டதுண்டா? அவரைத் திறமைசாலி என்கிறோம்.

ஆகவே சங்கங்களிடம் என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: ஊர் கொதிக்கும் வழக்கு வரும்போது ‘ஆஜராக மாட்டோம்’ என்பதற்குப் பதில் வேறொரு தீர்மானம் போடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தகுதியான ஒருவர் ஆஜராவதைச் சங்கம் உறுதி செய்யும், அப்படி ஆஜராகும் உறுப்பினரின் பாதுகாப்புக்குச் சங்கம் துணை நிற்கும் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு உதவ இன்னொரு மூத்தவரைக் கட்டணமின்றி அனுப்புங்கள். அந்தக் குழந்தைக்கு நம் கோபத்தைவிட அது பயன்படும்.

இரண்டு: சாட்சிகளைக் கேள்வி கேட்பதில் நம் எல்லை எது என்று ஜூனியர்களுக்குச் சங்கமே வகுப்பு எடுக்கட்டும். போக்சோ நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நின்ற அரசு வழக்கறிஞர்களும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே மேடையில் பேசட்டும். ஆதாரமில்லாத இழிவான கேள்வியை எதிர்த்து ஒரு ஜூனியர் எழுந்தால், எதிர்ப்பக்கத்து மூத்தவரைப் பகைத்ததாக அதைக் கருதாத சூழல் வேண்டும்.

மூன்று: பொய்யான காரணத்துக்கு வாங்கும் வாய்தாவையும், ஆள்மாறாட்டச் சாட்சியையும், முன்தேதியிட்ட ஆவணத்தையும் சங்க ஒழுக்கப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளுங்கள். பார் கவுன்சிலுக்குப் புகார் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்புக் குரல்களை நான் எதிர்பார்க்கிறேன். முதலாவதைச் செய்தால் ஊர் நம்மைத் திட்டும். திட்டட்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நாம் உண்மையாகச் செய்திருந்தால், கொலைகாரனுக்காக ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது அவர் என்ன செய்ய மாட்டார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும். அது தெரியாததால்தான் யாருக்காக நிற்கிறார் என்பதை வைத்து நம்மை எடைபோடுகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பது அடுத்த தீர்மானத்தைக் கிழித்துப் போடுவதில் தொடங்கட்டும்.

உங்களில் ஒருவன்,
மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் தொழில் செய்யும் வழக்கறிஞர்